கொல்லிமலையில் மீன் எண்ணினேன்

யாழ்ப்பாணத்தில் நான் பிறந்த வீட்டு வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும். மீன் என்றால் எங்களுக்குப் பாரை, சூடை, விளைமீன். மலைமேல் மீன் இருக்கும் என்பதும், அதை எண்ணி வர ஓர் ஆளை அனுப்புவார்கள் என்பதும் முப்பது வயது வரை எனக்குத் தெரியாது.

அப்போது சென்னையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் உதவியாளனாக இருந்தேன். இரண்டாம் உலக யுத்த காலம். ஒரு நாள் பேராசிரியர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கொல்லிமலையில் ஐயாறு ஓடுகிறது. அதன் மேல்பகுதியில் உள்ள மடுக்களை ஒருவர் குத்தகைக்குக் கேட்கிறார். கோடையில் மடுக்களை இறைத்து, மீனை வாரி, கருவாடாக்கிப் பட்டாளத்துக்கு அனுப்புவது அவர் திட்டம். உத்தரவு கொடுக்க வேண்டிய அதிகாரி நிதானமான மனிதர். எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடித்தால் இனம் அற்றுப்போகாது என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டிருந்தார். பேராசிரியருக்கு மூட்டுவலி. ஆகவே நான் போனேன்.

சேந்தமங்கலம் போகும் பஸ் கரிவாயுவில் ஓடியது. பெட்ரோல் கிடைக்காத காலம் அல்லவா. பஸ்ஸின் பின்னால் ஓர் இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். சின்ன மேடு வந்தாலும் வண்டிக்கு மூச்சு வாங்கும். கண்டக்டர் இறங்கி அடுப்புக்குக் காற்றுப் போடுவார். ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளுவோம். மூன்றாவது தடவை தள்ளியபோது பக்கத்தில் தோள் கொடுத்தவர் நான் எங்கே போகிறேன் என்று விசாரித்தார். கொல்லிமலைக்கு என்றேன். அவர் தள்ளுவதையே நிறுத்திவிட்டார். மலைக்காய்ச்சல் கண்டால் பிழைப்பது கஷ்டம் என்றும், தம் மைத்துனர் அங்கே போய்ப் பத்தாம் நாள் டோலியில்தான் இறங்கினார் என்றும் சொன்னார். பையில் கொயினா மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அடிவாரத்தில் மிளகும் தேனும் வாங்கி விற்கும் ஒரு ராவுத்தருக்கு என்னிடம் அறிமுகக் கடிதம் இருந்தது. கடிதத்தைப் படிக்கும் முன்பே இலையைப் போடச் சொல்லிவிட்டார். அரிசிக்கு ரேஷன் இருந்த நாளில் எங்கிருந்தோ நெய்ச்சோறும் தால்ச்சாவும் வந்தன. என் பேச்சு அவர் வீட்டுக் குழந்தைகளுக்கு வேடிக்கையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டபோது, ஆமாம் என்பதற்கு எங்கள் ஊர் வழக்கப்படி "ஓம்" என்றேன். நான் சாப்பாட்டுக்கு நடுவே மந்திரம் சொல்வதாக நினைத்து அவர்கள் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

மறுநாள் காலை ராவுத்தர் எனக்கு வழித்துணையாகச் சடையன் என்பவரைச் சேர்த்துவிட்டார். மலையில் செம்மேட்டுக்கு அப்பால், சிவன் கோயிலுக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு சிற்றூர்க்காரர். நாற்பது வயது இருக்கும். என் பெட்டி, வலை, துத்தநாக வாளி மூன்றையும் ஒன்றாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, பேசிக்கொண்டே ஏறினார். நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஒரு குச்சியை மட்டும் வைத்துக்கொண்டு, பேச மூச்சில்லாமல் ஏறினேன். எங்கள் ஊரில் மிக உயர்ந்த இடம் பனைமரத்தின் உச்சிதான். மத்தியானம் ஒரு வளைவில் திரும்பியதும் வெயில் தணிந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. மேலே பார்த்தால் இன்னொரு நாடு. மலைச்சரிவு முழுவதும் சாமை அறுத்த தாள், பலா மரங்கள், அவற்றின்மேல் மிளகுக் கொடி. இவ்வளவு உயரத்தில் நெல் வயலுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சியிருந்ததைப் பார்த்துச் சற்று நேரம் அப்படியே நின்றேன்.

சடையன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சாவடியில் தங்கினேன். சாப்பாடு அவர்கள் வீட்டில். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் முதல் நாள். அடுத்த நாள் ராகிக் களி. ராகியை நாங்கள் குரக்கன் என்போம், பிட்டு அவிப்போம். இங்கே அதைக் கட்டித் திரட்டி, நடுவில் குழி செய்து, குழம்பை ஊற்றித் தருகிறார்கள். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் மென்றுகொண்டே இருந்ததைச் சடையனின் மனைவி செல்லாயி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, களி தீர்வதற்குள் மழைக்காலம் வந்துவிடும் என்று கணவரிடம் மெதுவாகச் சொன்னார்.

மீன் பிடிப்பதில் அந்த ஊரில் செல்லாயிக்கு மிஞ்சி ஆள் இல்லை என்று சடையனே சொன்னார். ஆகவே அவரைத்தான் வேலைக்குக் கேட்டேன். என் வலையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மூங்கிலில் பின்னிய பறி ஒன்றை எடுத்து வந்தார். வாய் அகலமாகவும் உள்ளே போகப்போகக் குறுகலாகவும் இருக்கும் கூடை அது. உள்ளே போன மீன் திரும்ப முடியாது. ஆனால் பின்னலில் இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தார். குஞ்சுகள் எல்லாம் அதன் வழியே நழுவிப் போயின. வயிறு பெருத்த மீன் அகப்பட்டால், பார்த்த மாத்திரத்தில் தண்ணீரில் விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டேன்.

"புள்ளத்தாச்சிங்க. வுட்டுருவமுங்க," என்றார்.

எவ்வளவு பிடித்தால் இனம் குறையாது என்று கண்டுபிடிக்கத்தான் என்னைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பதிலில் பாதி அந்தப் பறியின் பின்னலிலேயே இருந்தது. நான் அதை நோட்டில் படம் வரைந்து வைத்துக்கொண்டேன்.

எண்ணும் முறையை அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. ஒரு சட்டி மொச்சைக் கொட்டை வாங்கினேன். ஒரு பிடி எடுத்துச் சுண்ணாம்பு தடவி உலர்த்தி, திரும்பச் சட்டியில் போட்டுக் குலுக்கினேன். மறுபடி ஒரு பிடி எடுத்தேன். அதில் வெள்ளைக் கொட்டை நிறைய வந்தால் சட்டியில் மொச்சை கொஞ்சம். வெள்ளை ஒன்றிரண்டுதான் வந்தால் சட்டியில் மொச்சை ஏராளம். அதேபோல மேல்மடுக்களில் பிடிக்கும் மீனின் வால் ஓரத்தில் சிறிதாக ஒரு வெட்டு, திரும்ப விட்டுவிடுவோம், ஒரு வாரம் கழித்து மறுபடி பிடிப்போம். வால் வெட்டினால் மீனுக்கு நோகாதா என்று சடையன் கேட்டார். நகம் வெட்டுவது போலத்தான், திரும்ப வளர்ந்துவிடும் என்றேன்.

செல்லாயி சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொச்ச சட்டிய வுட்டு வெளிய போவாதுங்க. மீனு போவுமில்லீங்களா?" என்றார்.

நான் சிரித்தேன். மாசிக் கடைசி அது. மடுவுக்கும் மடுவுக்கும் இடையே ஆறு வற்றி வெறும் கல்லாகக் கிடந்தது. இதில் மீன் எங்கே போகும் என்று கேட்டேன். அவர் பறியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான்கு நாள் வேலை. காலையில் பனி விலகுவதற்குள் தண்ணீரில் இறங்கிவிடுவோம். குளிர் எலும்புக்குள் போகும். பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு நிற்கும் கல்லொட்டி மீனை அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைக் கையால் பிடுங்கி எடுக்க வேண்டும். செல்லாயி பிடித்துக் கொடுப்பார், நான் வெட்டுவேன், சடையன் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூழாங்கல்லை ஓரமாக வைத்துக் கணக்குச் சொல்வார். மத்தியானம் சுட்ட பலாக்கொட்டையும் மலைத்தேனும். கடற்கரையில் பிறந்தவன் தண்ணீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். எந்தக் கல்லுக்குக் கீழே எந்த மீன் இருக்கும், எந்த நேரத்தில் வெளியே வரும் என்று அந்தப் பெண் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடி பிடித்தோம். நூற்றுக்கு மேல் மீன் வந்தது. வால் வெட்டியவை நாலே நாலு. கணக்குப் போட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியானால் மடுக்களில் மீன் கொட்டிக் கிடக்கிறது. குத்தகைக்கு விட்டாலும் குறையாது. அன்றே அதிகாரிக்குக் கடிதம் எழுதி, அடுத்த நாள் உப்பு வாங்க இறங்கிய சடையனிடம் கொடுத்து, ராவுத்தர் கடையில் சேர்க்கச் சொன்னேன்.

சடையன் போனதற்கு மறுநாள் காலை சாவடி வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். நடுவில் ஊர்க்கவுண்டர், ஒல்லியான, மெதுவாகப் பேசும் மனிதர். ஓரமாகச் செல்லாயி. ஆற்றின் கீழ்ப்பகுதியில் சிவன் கோயில் துறையில் உள்ள மீன்களை அந்த மலையில் யாரும் பிடிப்பதில்லை. கோயிலுக்கு வருகிறவர்கள் பொரி போடுவார்கள். அவை சாமியின் மீன்கள். அந்த மீன்களில் பலவற்றுக்கு வால் வெட்டியிருக்கிறது என்று கோயிலுக்குப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார்கள்.

"சாமி மீனோட வால அறுத்தது ஆருங்க?" என்று கவுண்டர் கேட்டார். கோபம் குரலில் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் செல்லாயி முன்னால் வந்தார்.

"புடிச்சுக் குடுத்தது நானுங்க. வெட்டுனது அவருங்க. மேல் மடுவுலதான் புடிச்சோம். ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

யார் சொல்லி, எதற்காக வெட்டினேன் என்பதை நான் சொன்னேன். துறைப் பக்கமே நாங்கள் போகவில்லை என்பதையும் சொன்னேன். கவுண்டர் முழுவதையும் கேட்டார். பிறகு, விஷயம் தெளிவாகும் வரை செல்லாயி ஆற்றில் கால் வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். என்னை ஒன்றும் சொல்லவில்லை, நான் வெளியூர்க்காரன். கோடை மாதங்களில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள அந்த வீட்டில் மீனை விட்டால் வேறு அதிகம் இல்லை. செல்லாயி தலையை ஆட்டிவிட்டு விலகி நின்றார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் துறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கவுண்டரே கூட்டிக்கொண்டு போனார். செல்லாயியும் பின்னால் வந்தார், கரையோடு, ஆற்றை விட்டுத் தள்ளியே. ஒரு மணி நேர நடை. கோயிலுக்குக் கீழே ஆழமான மடு. வெயிலிலும் குறையாத கருநீலத் தண்ணீர். ஒருவர் ஒரு பிடி பொரியை வீசினார். தண்ணீர் கொதித்தது போல மீன்கள் மேலே வந்தன. ஒன்றின் வாலில் வெட்டு. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் அங்கே ஒன்று, இங்கே இரண்டு.

முதலில் வெட்கம்தான் வந்தது. அடுத்த நிமிஷம் நான் போட்ட கணக்கு நினைவுக்கு வந்தது. நான் அடையாளம் போட்ட மீன்கள் இங்கே இருக்கின்றன. மேலே நாலே நாலு வந்ததற்குக் காரணம் மீன் ஏராளம் என்பதல்ல. அடையாளம் போட்டவை கீழே இறங்கிவிட்டன என்பதுதான். மடுக்களில் மீன் கொட்டிக் கிடக்கவில்லை. நான் எழுதியது சுத்தப் பொய்.

இந்த வறட்சியில் எப்படி இறங்கின என்று செல்லாயியிடம் கேட்டேன். கல்லுக்கடியில் தண்ணீர் ஓடிக்கொண்டேதான் இருக்கும், கோடை ஏற ஏற மீன் அதன் வழியே நழுவித் துறைக்கு வந்துவிடும், புது மழை பெய்ததும் இங்கிருந்துதான் மேலே ஏறி முட்டையிடும் என்றார். மலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் போலச் சொன்னார். மேலே உள்ளதும் கீழே உள்ளதும் ஒரே கூட்டம். மேல்மடுக்களை இறைத்து வாரினால் துறைக்கு வந்து சேர மீன் இருக்காது; துறையில் இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு மேலே ஏறவும் மீன் இருக்காது.

"மொச்சை சட்டியை விட்டுப் போகாது, மீன் போகுமே எண்டு நீங்கள் அப்பவே கேட்டீங்கள்," என்றேன்.

"கேட்டேனுங்க. நீங்க சிரிச்சீங்க."

என் கடிதம் அதிகாரியிடம் போவதற்குள் அதை நிறுத்த வேண்டும் என்றேன்.

மறுநாள் விடிந்ததும் தனியாகவே இறங்கத் தொடங்கினேன். ஏறுவதைவிட இறங்குவது கொடுமை என்று அன்று தெரிந்தது. முழங்கால் இரண்டும் தனித்தனியே நடுங்கின. ஒரு சறுக்கலில் விழுந்து உள்ளங்கை கிழிந்தது. பாதி வழியில், தலையில் உப்பு மூட்டையோடு சடையன் எதிரே வந்தார். நடந்ததைச் சொன்னேன். தன் மனைவி பெயரைக் கேட்டபோது மட்டும் அவர் முகம் மாறியது. மூட்டையை இறக்கிப் பாதையோரப் பாறைமேல் வைத்து, தழை ஒடித்துப் போர்த்தினார்.

"வாங்க சாமி, போலாம்," என்று என்னோடு திரும்பி இறங்கினார்.

உப்புக்குக்கூடத் தட்டுப்பாடு இருந்த நாள் அது. நாலு பேர் போய்வரும் பாதை. யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எதற்கு எடுக்கப் போகிறார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்றாம் நாள் நாங்கள் ஏறி வந்தபோது தழை மட்டும் வாடியிருந்தது. மூட்டை வைத்தபடியே இருந்தது.

ராவுத்தர் கடிதத்தை அதற்கு முந்தைய நாள் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டார். அவசரம் என்று நான் உறைமேல் எழுதியிருந்தேன், அதனால்தான். என் கையைப் பார்த்து மஞ்சள் வைத்துக் கட்டச் சொல்லி, அதிகாரி இருக்கும் ஊருக்குப் போகக் கிடைத்த மாட்டுவண்டியில் என்னை ஏற்றிவிட்டார். சடையன் அங்கேயே காத்திருந்தார்.

அதிகாரி என் கடிதத்தை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். எதிரே குத்தகைக்காரர் உட்கார்ந்திருந்தார். நல்ல வேட்டி, சாந்தமான முகம். நான் என் கடிதம் தவறு என்றேன். மீன்கள் இடம் மாறுவதைக் கவனிக்காமல் கணக்குப் போட்டுவிட்டதைச் சொன்னேன். அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

குத்தகைக்காரர் கரிசனத்தோடு என் கைக்கட்டைப் பார்த்து, மலைக்காரர்கள் மிரட்டினார்களா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். என் மானம் பிழைத்திருக்கும். சென்னையில் என் வேலைக்கும் பங்கம் வந்திருக்காது.

"ஒருத்தரும் வெருட்டேல்லை. பிழை விட்டது நான்," என்றேன்.

என் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் புரிந்தது. பிழை என்ற சொல் புரிந்துவிட்டது. சரியான எண் எது என்று அதிகாரி கேட்டார். தெரியாது என்றேன். தெரியாது என்பதை எந்தக் காகிதத்தில் வைப்பது என்று அவர் எரிச்சலோடு கேட்டார். ஒரு காகிதம் வாங்கி அங்கேயே எழுதிக் கொடுத்தேன். மேல்மடுவும் கோயில் துறையும் ஒன்றே. மழைக்குப் பின்னும் அடுத்த கோடையிலும் எண்ணாமல் எத்தனை என்று சொல்ல இயலாது. அதுவரை மலைவாசிகளின் பறியைத் தவிர வேறு எதனாலும் அங்கே மீன் பிடிக்கக் கூடாது. அதிகாரி இரண்டு தடவை படித்தார். பிறகு குத்தகைக்காரரைப் பார்த்து, மழைக்கு அப்புறம் வாருங்கள் என்றார். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார். பேராசிரியருக்கும் இதையே எழுதித் தபாலில் சேர்த்தேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியாமலேதான் திரும்ப மலையேறினேன்.

கவுண்டர் வீட்டு முற்றத்தில், எழுதிக் கொடுத்ததன் நகலை வாசித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல, பதினைந்து பேர் அசையாமல் கேட்டார்கள். 'சொல்ல இயலாது' என்ற இடம் வந்ததும் கவுண்டர் நிறுத்தச் சொன்னார்.

"தெரியாதுன்னே சர்க்காருக்கு எழுதிக் குடுத்துட்டீங்களா?"

"ஓம்," என்றேன்.

இந்தத் தடவை அதை யாரும் மந்திரம் என்று நினைக்கவில்லை. கவுண்டர் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு செல்லாயி பக்கம் திரும்பி, நாளையிலிருந்து பறி போடலாம் என்றார். செல்லாயி அப்போதும் தலையைத்தான் ஆட்டினார். ஆனால் அன்று எனக்கு வைத்த களியில் குழி பெரிதாக இருந்தது. குழம்பில் மீன் இல்லை, கத்தரிக்காய்தான். நான் மெல்லாமல் விழுங்கினேன்.

மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்ப வேண்டியவன், துறைக்குப் போய்விட்டு வரலாம் என்றேன். சடையனும் செல்லாயியும் வந்தார்கள். வெட்டிய வால்கள் துறையில் எத்தனை என்று தெரிந்தால் அடுத்த கணக்குக்கு உதவும். நான் நோட்டைத் திறந்து படியில் உட்கார்ந்தேன். சடையன் பொரியை வீசினார். செல்லாயி தண்ணீரின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலை நீட்டி, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். என் கண்ணுக்கு வெறும் பளபளப்பாகத் தெரிந்த இடத்தில் அவருக்கு வால் தெரிந்தது. நான் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினேழு வரை வந்தது. அப்போது ஒரு மீன்கொத்தி தண்ணீரில் பாய்ந்தது. கூட்டம் முழுவதும் சிதறி ஆழத்துக்குள் போய்விட்டது.

பதினேழு என்றே எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க," என்றார் செல்லாயி, தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடிச்சுப் போட்டுருங்க. மறுக்கா மொதல்ல இருந்து சொல்றேன்."